லேக் கார்டன்ஸ் வீட்டின் இரண்டு அடுப்புகள்

கல்கத்தா டாக்குரியாவில் எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் வித்யா, அலிப்பூர் கோர்ட்டில் வக்கீலாகச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. போன வாரம் படியிறங்கி வந்து, கையிலிருந்த கோர்ட் உத்தரவை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"அங்கிள், எனக்கு ஃபர்ஸ்ட் கமிஷன் வந்திருக்கு! போய்ப் பாத்து ரிப்போர்ட் குடுக்கணுமாம். மொபைல்ல ஒரு வீடியோ எடுத்துக் குடுத்தா ஹோயே ஜாபே, இல்ல? உங்க காலம் மாதிரி டேப், ஸ்கெட்ச் எல்லாம் வேணுமா?"

'ஹோயே ஜாபே' என்றால் முடிந்துவிடும் என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தக் காரியமும் வங்காளியில் சொன்னால்தான் முடியும்.

கமிஷனர் என்றதும் போலீஸ் கமிஷனரை நினைத்துக்கொள்ள வேண்டாம். சொத்து வழக்கு நடக்கும்போது, நீதிபதி ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தன் கண்ணுக்குப் பதிலாக ஒரு வக்கீலை அனுப்புவார். அவர் போய் வீட்டை அளந்து, படம் வரைந்து, இருப்பதை இருக்கிறபடி எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்குத்தான் அட்வகேட் கமிஷனர் என்று பெயர். நான் வாதாடி ஜெயித்த வழக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அளந்த வீடுகள் இந்த ஊரில் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. கறுப்புக் கோட்டைவிட அளவு நாடா எனக்குப் பொருத்தமாக இருந்தது என்று என் மனைவி சொல்வாள், பாராட்டாகத்தான் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொள்வது வழக்கம்.

வித்யாவின் வழக்கு டாலிகஞ்சில் ஒரு ஃபிளாட். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையனும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாங்கி, சேர்ந்து வாழ்ந்து, இப்போது பிரிந்துவிட்டார்கள்.

"கல்யாணமே ஆகலையே அங்கிள், அப்புறம் பங்கு எப்படி?"

"பத்திரத்துல யார் பேரு இருக்கு?"

"ரெண்டு பேர் பேரும்."

"அப்ப உன் பாடு சுலபம். பத்திரம் தாலி இருக்கான்னு கேக்காது. ரெண்டு பேரும் பங்குதாரங்க. ஃபிளாட்டை நடுவுல வெட்ட முடியாது, அதனால ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் வாங்கிக்கலாம், இல்லேன்னா வித்துப் பிரிச்சுக்கலாம். கஷ்டம் எப்போன்னா, பத்திரத்துல ஒரே ஒரு பேர் இருக்கும்போது."

"அந்த மாதிரி நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் என் சீனியரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு சமாசாரம் புரியாது.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்க திருநெல்வேலியிலிருந்து வந்தவர். பையன் சட்டம் படித்துவிட்டான், இனி உருப்பட்டுவிடுவான் என்று நம்பி என்னை நீரேன் பாபுவிடம் கொண்டுபோய் விட்டார். நீரேன் பாபு அலிப்பூரில் கமிஷன் வேலைக்கென்றே பிறந்தவர். வெயிலோ மழையோ கறுப்புக் குடை, தோல் உறையில் அளவு நாடா, தோளில் தண்ணீர் பிளாஸ்க். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மே மாதத்தில் ஒரு வீட்டில் அவருக்கு மயக்கம் வந்து சாய்ந்தபோதும், "பிளாஸ்க், பிளாஸ்க்" என்றுதான் முனகினார். நாடாவின் ஒரு முனையை இந்தப் பக்கத்து வக்கீலும் மறுமுனையை அந்தப் பக்கத்து வக்கீலும்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் பிடித்த அளவைப் பிறகு இரண்டு பேராலும் மறுக்க முடியாது. கமிஷனருக்குக் கண் மட்டும்தான் உண்டு, காதும் வாயும் கிடையாது என்பார். பார்த்ததை எழுதலாம். கேட்டதை எழுதக் கூடாது. நினைத்ததை மூச்சுகூட விடக் கூடாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கூடத்தைப் பார்க்க மாட்டார், நேராகச் சமையலறைக்குப் போவார். "ஆகே உனுன்" என்பார். முதலில் அடுப்பு. வங்காளத்தில் குடும்பம் பிரிந்தது என்று சொல்வதற்கு, பானை தனியாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். கோர்ட் பாஷையிலும் சமையல் தனியா, ஒன்றா என்பதுதான் முதல் கேள்வி.

பவானிப்பூரில் இரண்டு அண்ணன் தம்பிகள் வழக்கு. நாங்கள் எத்தனையோ வருஷமாகத் தனித்தனி என்று தம்பி இரண்டு சமையலறைகளைத் திறந்து காட்டினார். நீரேன் பாபு இரண்டாவது அறையின் சுவரைக் கைக்குட்டையால் துடைத்து, அதை மடிக்காமல் அப்படியே எல்லோருக்கும் காட்டினார். புகையும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை, அப்போதுதான் அடித்த சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அந்தக் கைக்குட்டையைப் பார்த்தபிறகுதான் எனக்கு இந்த வேலையில் ருசி வந்தது. அதற்கப்புறம் என் வாழ்நாள் முழுவதும் அடுப்புகளை எண்ணினேன். இரண்டு அடுப்பு என்றால் இரண்டு குடும்பம். ஒரு தடவைகூட அந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை, லேக் கார்டன்ஸ் வரும்வரை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த வழக்கு அது. வழக்குப் போட்டவர் சந்தானம் என்ற தமிழர். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து, கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே தங்கி, அப்போதுதான் ரிடையர் ஆகியிருந்தார். ஃபிளாட் அவர் பெயரில். அதில் தபதி என்ற வங்காளிப் பெண்மணி இருக்கிறார், அவர் 'பேயிங் கெஸ்ட்', மாதாமாதம் பணம் கொடுத்துத் தங்கியிருந்தவர், தங்கக் கொடுத்த அனுமதியை இப்போது திரும்பப் பெற்றாகிவிட்டது, காலி செய்ய மாட்டேன் என்கிறார் என்று மனு சொன்னது. தபதியின் பதில் மனு, இருபது வருஷத்துக்கு மேல் கணவன் மனைவியாகத்தான் வாழ்ந்தோம், சடங்கு மட்டும்தான் நடக்கவில்லை என்றது.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாலி கட்டாமல் வாழ்ந்து பிரிந்தால், பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்கு வீட்டில் பங்கு கிடையாது. ஆனால் பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து காக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. கல்யாணத்தைப் போன்ற உறவில் ஒரே குடும்பமாக வாழ்ந்திருந்தால், வீடு யார் பெயரில் இருந்தாலும் அந்தப் பெண்ணைத் தெருவில் இறக்கிவிட முடியாது. அங்கே இருக்கும் உரிமை உண்டு, ஜீவனாம்சமும் கேட்கலாம். ஆக, தபதி அந்த வீட்டில் விருந்தாளியா, வீட்டுக்காரியா என்பதுதான் முழு வழக்கும். விருந்தாளி என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவருக்கு வேறு வீடு இல்லை.

தபதி ஒரு நர்ஸிங் ஹோமில் பில் பிரிவில் வேலை பார்த்தவர். சம்பளம் வந்ததும் வீட்டுச் செலவுக்கென்று சந்தானத்தின் கணக்குக்கு அனுப்பிவிடுவார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதையே சந்தானத்தின் வக்கீல் வாடகையாக்கிவிட்டார். போதாததற்கு, அந்த வீட்டில் இரண்டு சமையலறைகள் இருக்கின்றன, இரண்டும் தனித்தனிச் சமையல், கமிஷனரை அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே மனுவும் போட்டார். அப்படித்தான் நான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ரயில் பாதைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி. இரண்டு பக்கத்து வக்கீல்களும் வந்திருந்தார்கள். சந்தானத்தின் வக்கீல் வயதானவர், கோர்ட்டில் மரியாதை உள்ளவர். தபதியின் வக்கீல் இளைஞர், இப்போதைய வித்யா மாதிரி. இரண்டு பேரும் வங்காளிகள்.

கதவைத் திறந்த சந்தானம் நெடுநெடுவென்று நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றார். கோர்ட் உத்தரவில் என் பெயரைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, சார் தமிழா! வாங்கோ வாங்கோ. நல்லதாப் போச்சு."

இளைய வக்கீலின் முகம் வாடிவிட்டது. பாவம், கமிஷனரும் தமிழன், எதிராளியும் தமிழன். நான் வங்காளியில் நமஸ்காரம் சொல்லிவிட்டு, என் பிளாஸ்கைக் கூடத்து மேஜையில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். சந்தானத்துக்கு அது பிடிக்கவில்லை. தபதி பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், மிகவும் குள்ளம், சந்தானத்தின் மார்பளவுகூட வரமாட்டார்.

முதலில் அடுப்பு.

உள்ளே இருந்த சமையலறையில் கறுப்புக் கல் மேடை, கேஸ் அடுப்பு, கிரைண்டர், பெருங்காய டப்பா. மீனின் வாசனைகூடத் தெரியாத சுத்த சைவச் சமையலறை. பின்பக்கத்து பால்கனியைக் கம்பி போட்டு அடைத்து, அங்கே இன்னொரு மேடை, ஒற்றை அடுப்பு, கடுகெண்ணெய், மீன் நறுக்கும் அரிவாள்மணை. என் கைக்குட்டையை எடுத்துச் சுவரைத் துடைத்தேன். இரண்டு இடத்திலும் வருஷக்கணக்கான பிசுக்கு. நிஜமாகவே சமைத்த அடுப்புகள்தான், யாரும் காட்சிக்கு வைக்கவில்லை.

"நோட் கொருன், குறித்துக்கொள்ளுங்கள், மிஸ்டர் கமிஷனர். இரண்டு அடுப்பு" என்றார் மூத்த வக்கீல், நீரேன் பாபுவின் பழைய சிநேகிதர் அவர், என் கணக்கு அவருக்கும் தெரியும்.

எழுதினேன். எழுதாமல் என்ன செய்வது? இருந்தது இரண்டு அடுப்பு. இளைய வக்கீல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தபதி என்னைப் பார்க்கவில்லை, பால்கனிக் கம்பிக்கு வெளியே ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணிக்கு ஒரு கூரை போகப்போகிறது, அதை என் பேனாதான் எழுதுகிறது என்று எனக்கு மனசு கனத்தது.

பிறகு அளவு. வக்கீல்கள் நாடாவின் முனைகளைப் பிடித்தார்கள். உள் சமையலறையின் மேடை நீளம், அகலம் எல்லாம் ஆயிற்று. அளவைப் படிக்கக் குனிந்தேன். குனிந்தவன் இன்னும் குனிய வேண்டியிருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மேடைகளை அளந்தவன் நான். மேடைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் இருக்கும், என் இடுப்புக்கு அது மனப்பாடம். இந்த மேடை பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி தாழ்ந்திருந்தது. மேலே இருந்த அலமாரியும் அப்படித்தான், என் நெற்றிக்கு நேராக இறக்கி மாட்டியிருந்தது.

"உயரமும் வேண்டும்" என்றேன்.

"எதற்கு? உத்தரவில் உயரம் இல்லையே" என்றார் மூத்தவர்.

"வீட்டின் அமைப்பைக் குறிக்கச் சொல்லியிருக்கிறது. உயரமும் அமைப்புதான்."

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். பால்கனிக்குப் போய் அந்த மேடையையும் அளந்தோம். அதே உயரம், அதே கறுப்புக் கல், ஓரத்தில் அதே உருட்டல். ஒரே கொத்தனார் ஒரே சமயத்தில் செய்த வேலை என்று பார்த்தாலே தெரிந்தது. சந்தானத்தின் சமையலறை என்று சொல்லப்பட்ட இடத்தில் சந்தானம் சமைக்க வேண்டுமானால் முழங்காலில்தான் நிற்க வேண்டும். ஆனால் இதை நான் எழுத முடியாது, நினைத்தது அது. உயரங்களை மட்டும் எழுதினேன்.

சந்தானம் நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டார். படபடப்பு வந்துவிட்டது அவருக்கு.

"இது என் கிச்சன் சார். நான்தான் புழங்கறேன். இருங்கோ, எல்லாருக்கும் ஒரு காபி போட்டுண்டு வரேன், நீங்களே பாருங்கோ."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். நம் ஆட்களை இந்த விஷயத்தில் யாராலும் நிறுத்த முடியாது. வழக்கு, கமிஷன் எல்லாம் அப்புறம், வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பிவிட்டால் தூக்கம் வராது. அதிலும் தமிழன் வந்திருக்கிறான்.

உள்ளே பால் பாத்திரம் அடுப்பில் ஏறும் சத்தம். டம் என்று ஒரு சத்தம், அலமாரியில் தலை இடித்தது. டப்பாக்கள் நகரும் சத்தம். மறுபடியும் டம். பிறகு, ரொம்ப நாள் பழகிய குரல் ஒன்று, சலிப்பும் உரிமையுமாக, தமிழில் வந்தது.

"தபூ, ஃபில்டரை எங்க வெச்சே?"

பால்கனியில் நின்ற தபதி திரும்பக்கூட இல்லை.

"பெருங்காய டப்பாக்குப் பின்னாடி. பால் பொங்கிடும், பாத்துக்கோங்கோ."

அவ்வளவுதான். கீழே ஒரு லோக்கல் ரயில் போயிற்று. தஞ்சாவூர் அக்ரகாரத்துத் தமிழ், ஒரு எழுத்து பிசகாமல், வங்காளிப் பெண்மணியின் வாயிலிருந்து. கூடத்தில் நான் ஒருவன்தான் அதைப் புரிந்துகொண்டவன்.

இளைய வக்கீல் என் பக்கம் பாய்ந்து வந்தார். "அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? ரெக்கார்ட் செய்யுங்கள்!"

"கூடாது" என்றார் மூத்தவர். "கமிஷனர் சாட்சி வாங்க வரவில்லை."

சட்டப்படி அவர் சொன்னது சரி. "நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை. பேச்சை எழுத மாட்டேன்" என்றேன். இளைஞருக்கு என்மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. தமிழன் தமிழனைக் காப்பாற்றுகிறான் என்றே நினைத்திருப்பார். பேனாவை எடுக்கக் கை துறுதுறுத்தது. நீரேன் பாபு பக்கத்தில் குடையோடு நிற்பதுபோல இருந்ததால் எடுக்கவில்லை.

சந்தானம் ஃபில்டரைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார். நெற்றி சிவந்திருந்தது. தபதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் முழுசாக அவருக்கு உறைத்தது. உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. தபதி ஓடிப்போய் கேஸை மூடினார்.

மூடிவிட்டுத் திரும்பியவர், ஃபில்டரோடு நின்றவரைப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்தார். குறிப்பில் ஏறாது, கோர்ட்டில்தான் சொல்ல வேண்டும் என்று நான் தடுத்தேன். "கோர்ட்டுக்கு இல்ல சார், இவருக்குச் சொல்றேன்" என்றார்.

"ரெண்டு அடுப்பு எதுக்குன்னு வக்கீல்கிட்ட சொன்னேளா? இந்த வீட்டுக்குக் குடிவரச்சயே உங்கம்மா நம்மகூட இருக்க வந்தா. மீன் புழங்கற அடுப்புல பண்ணினா சாப்பிட மாட்டேன்னா. நான் என் மீனை எடுத்துண்டு பால்கனிக்குப் போனேன். உள்ள அடுப்புல அவாளுக்கு ரசம் வெச்சேன். கடைசி வரைக்கும் என் கையாலதானே சாப்பிட்டா? கல்யாணத்துக்கு மட்டும் சரின்னு சொல்லலை. அம்மா போனப்புறம், இந்த வயசுல என்ன கல்யாணம்னு நீங்க சிரிச்சேள். நானும் சிரிச்சேன்."

சந்தானம் கையிலிருந்த ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராசுக்குப் போலாம், தங்கை பக்கத்துல இருக்கலாம்னேள். வரேன், அங்க என்னை யாருன்னு சொல்வேள்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லத் தெரியலை. சண்டை போட்டேள், பேச்சை நிறுத்தினேள், அதெல்லாம் போகட்டும். இந்த வீடு உங்க பேர்லதான் இருக்கு, நான் பங்கு கேக்கலை. ஆனா கோர்ட்ல என்னைப் பேயிங் கெஸ்ட்னு எழுதிக் குடுத்தேளே... கெஸ்டா நான்?"

குரல் உயரவே இல்லை. வங்காளி வக்கீல்கள் இருவரும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் 'பேயிங் கெஸ்ட்' புரிந்திருக்கும், தலையைக் குனிந்துகொண்டார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். கட்சிக்காரர் வந்து கதையைச் சொல்லும்போது சொல்லாமல் விட்டது வக்கீலுக்கு எப்படித் தெரியும்?

குறிப்பு முடிந்ததும் இரண்டு தரப்புக்கும் அதைப் படித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். படித்தேன். இரண்டு சமையல் இடங்கள், இரண்டிலும் புழக்கத்தின் அடையாளம். இரண்டு மேடைகளும் ஒரே கல், ஒரே வேலைப்பாடு, ஒரே உயரம், வழக்கமான உயரத்தைவிடத் தாழ்வு. மேல் அலமாரியும் தாழ்வு. ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன்.

"உண்டு" என்றார் மூத்தவர். "வழக்கமான உயரம் எது என்று கமிஷனர் எப்படிச் சொல்ல முடியும்? அது அபிப்பிராயம். அந்த வரியை அடிக்க வேண்டும்."

நியாயமான ஆட்சேபணைதான். நான் பேனாவை அந்த வரிமேல் கொண்டுபோனேன்.

"அடிக்காதீங்கோ" என்றார் சந்தானம்.

வக்கீல் அவரைக் கையைப் பிடித்து இழுத்தார். சந்தானம் அதைக் கவனிக்கவே இல்லை. "சார் எழுதினது சரி. குடிவரச்சே நான்தான் மேஸ்திரிகிட்ட நின்னு ரெண்டையும் இறக்கிக் கட்டச் சொன்னேன். அவளுக்குக் கை எட்டலை. முக்காலி போட்டுண்டு நின்னா, விழுந்துடுவாளோன்னு..." அவர் பேசியதை நான் எழுதவில்லை, எழுத எனக்கு அதிகாரமும் இல்லை. வரியை அடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பால் வழிந்துபோய்விட்டதால் அன்றைக்கு யாருக்கும் காபி இல்லை. படியிறங்கும்போது அந்த இளைய வக்கீல் என்னோடு பேசவில்லை, மூத்தவரும் பேசவில்லை. இரண்டு பக்கத்துக்கும் என்மேல் கோபம் என்றால் கமிஷன் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று நீரேன் பாபு சொல்வார்.

வழக்கு விசாரணைக்கே வரவில்லை. கொஞ்ச நாளில் இரண்டு தரப்பும் சமரச மனு தாக்கல் செய்தார்கள். அவர்கள் மறுபடி சேர்ந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காபி ஃபில்டர் அவ்வளவையும் ஒட்டிவிடாது. சந்தானம் சென்னைக்குப் போவதென்றும், ஃபிளாட் அவர் பெயரிலேயே இருப்பதென்றும், தபதி தன் காலம் உள்ளவரை அங்கே இருக்கலாமென்றும், தபதியின் சம்மதம் இல்லாமல் சந்தானம் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாதென்றும் ஷரத்து. தபதி ஜீவனாம்சம் கேட்கவில்லை. தனக்காக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூத்த வக்கீல் அதைத் தன் கையாலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தார். இரு தரப்பாரும் இந்த வீட்டில் ஒரே குடும்பமாக வாழ்ந்தவர்கள், மனுவில் கண்ட 'பேயிங் கெஸ்ட்' என்ற சொல் திரும்பப் பெறப்படுகிறது. நீதிபதி அம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

சந்தானம் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு சாவியை ஒப்படைப்பதைப் பார்த்து எழுத, மறுபடியும் என்னையே அனுப்பினார்கள். நான் செய்த கடைசி கமிஷன்களில் அது ஒன்று.

அதிகம் ஒன்றும் இல்லை. புத்தகங்கள், துணிமணி, அம்மாவின் படம். அம்மாவின் படத்தை எடுக்கும்போது அவர் தயங்கினார். "எடுத்துண்டு போங்கோ. ரசம் வெக்கறச்சே எனக்கு ஞாபகம் வரும், அது போறும்" என்றார் தபதி. லாரியில் ஏற்றி முடிந்தது. சந்தானம் சாவிக்கொத்தைத் தாழ்ந்த அந்தச் சமையல் மேடையில் வைத்தார், தபதி எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் பிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"சார், இப்ப காபி சாப்பிடலாமோல்லியோ?" என்றார் தபதி.

"தாராளமா."

ஒரு கட்சிக்காரர் வீட்டில் நான் ஆசையோடு சரி என்று சொன்னது அன்றைக்குத்தான். சந்தானம் பழக்கதோஷத்தில் சமையலறைக்குள் அவர் பின்னாலேயே நுழைந்தார். ஃபில்டர் எங்கே என்று இப்போது அவருக்குத் தெரியும். பெருங்காய டப்பாவை நகர்த்தக் கை நீட்டினார். தபதி அந்த நீண்ட கையை மெதுவாகப் பிடித்து இறக்கினார். அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தபோது, தபதியின் கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது.

"நீங்க எதுக்கு உள்ள வரேள்? இனிமே நீங்கதான் கெஸ்ட். ஹால்ல போய் உக்காருங்கோ, நான் கொண்டு வரேன்."

சந்தானம் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்து, எனக்குப் பக்கத்து நாற்காலியில், புது வீட்டுக்கு வந்தவர் மாதிரி நுனியில் உட்கார்ந்து, காபிக்காகக் காத்திருந்தார்.